மூலநிரல் எல்லோருக்கும், பெயர் யாருக்கு?

கட்டற்ற மென்பொருளின் கதை – 17

2006 பிப்ரவரியில் லண்டன் ‘டைம்ஸ்’ இதழில் கெர்வாஸ் மார்க்கம் என்பவர் ஒரு சம்பவத்தை எழுதினார். மொசில்லா அறக்கட்டளையில் உரிமம் சம்பந்தமான கேள்விகளுக்குப் பதில் சொல்வது அவர் வேலை. கள்ளச்சரக்கு விற்பனையைக் கண்காணிக்கும் இங்கிலாந்து அரசு அலுவலர் ஒருவர் அவரைத் தொடர்புகொண்டிருக்கிறார். தங்கள் பகுதியில் சிலர் ஃபயர்பாக்ஸ் உலாவியைக் குறுந்தகட்டில் நகலெடுத்து விற்பதாகவும், அது உங்கள் விதிகளுக்கு எதிரானது என்று உறுதிசெய்தால் நடவடிக்கை எடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார். தாராளமாக விற்கட்டும், எங்களுக்கு ஆட்சேபமில்லை என்பது மார்க்கமின் பதில். அலுவலரால் அதை நம்பவே முடியவில்லை. நகலெடுத்து விற்பதை உரிமையாளரே அனுமதித்தால் கள்ளநகல் தடுப்புச் சட்டத்தை நாங்கள் எப்படித்தான் அமல்படுத்துவது என்று கேட்டிருக்கிறார்.

அதே மாதம் 27ஆம் தேதி, அதே மொசில்லாவைச் சேர்ந்த மைக் கானர், டெபியன் இயங்குதளத்தின் வழுப் பதிவேட்டில் ஒரு புகாரைப் பதிந்தார். அதன் எண் 354622. ஃபயர்பாக்ஸ் என்ற வணிகக்குறியை டெபியன் அனுமதியில்லாமல் பயன்படுத்துகிறது என்பதே புகார்.

முகம் தெரியாத குறுந்தகட்டு வியாபாரிக்கு ‘விற்றுக்கொள்’ என்ற மொசில்லா, ஒரு காசு லாபம் பார்க்காத டெபியன் தொண்டர்களிடம் ‘பெயரை எடு’ என்றது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வியாபாரி ஃபயர்பாக்ஸை மொசில்லா கட்டித் தந்தபடியே கைமாற்றினார். டெபியன் அதைத் திருத்திக் கொடுத்தது.

உரிமம் தருவதும் தராததும்

கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்களை இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே பார்த்தோம். இயக்கலாம், படித்துப் பார்க்கலாம், நகல் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். இவை நான்கும் பதிப்புரிமைச் சட்டத்தின் மீது எழுப்பப்பட்டவை. நிரலை எழுதியவர் தன் பதிப்புரிமையைக் கொண்டே பிறருக்கு இந்தச் சுதந்திரங்களை எழுதிக் கொடுக்கிறார்.

வணிகக்குறி வேறு சட்டம், வேறு நோக்கம். வாங்குபவர் ஏமாறக் கூடாது, ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்கு என்று நம்பிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது அது. ஒரு மிட்டாய்க் கடையின் பக்குவத்தை நீங்கள் கற்றுக்கொண்டு வீட்டிலும் செய்யலாம், கடை போட்டும் விற்கலாம். அந்தக் கடையின் பெயர்ப்பலகையை உங்கள் கடைக்கு மாட்ட முடியாது.

பெரும்பாலான கட்டற்ற உரிமங்கள் இந்தக் கோட்டை மதிக்கின்றன. 2004இல் வந்த அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, நிரலைத் தருகிறோம், பெயரையும் குறியையும் பயன்படுத்தும் அனுமதியைத் தரவில்லை என்று 6ஆம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. 2007 ஜூனில் வெளியான குனு பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பும், வணிகக்குறி உரிமையைத் தர மறுக்கும் நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ள நிரலாசிரியருக்கு இடம் தருகிறது.

இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. மென்பொருளுக்கான குறி 9ஆம் வகுப்பில் பதிவாகும். ஒரு பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். புதுச்சேரிக்காரர்களின் விண்ணப்பம் சென்னை கிண்டியில் உள்ள பதிவகத்துக்குப் போகிறது. பதிவு செய்யாத பெயரானாலும், அதன் நற்பெயரில் இன்னொருவர் தன் சரக்கைத் தள்ளிவிட்டால் வழக்குத் தொடர அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு வழிவிடுகிறது.

பெயருக்காக நடந்த முதல் சண்டைகள்

டெபியன் விவகாரத்துக்கு முன்பே கட்டற்ற உலகம் பெயரால் அடிபட்டிருக்கிறது. முதல் அடி லினக்ஸ் என்ற பெயருக்கே விழுந்தது. லினக்ஸ் கருநிரலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வில்லியம் டெல்லா குரோச்சே என்ற அமெரிக்கர் 1994இல் அந்தப் பெயருக்கு விண்ணப்பித்து, மறு ஆண்டு தன் பெயரில் பதிவும் வாங்கிவிட்டார். பிறகு லினக்ஸ் தொழிலில் இருந்தவர்களிடம் கட்டணம் கேட்டார். நிறுவனங்களும் நிரலாளர்களும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். 1997இல் சமரசமாகி, குறி லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கைக்கு வந்தது. பெயரைப் பதிவதே கட்டற்ற மனப்பான்மைக்கு விரோதம் என்று அதுவரை நினைத்தவர்கள்கூட, நாம் பதியாவிட்டால் வேறொருவன் பதிந்துகொண்டு நம்மிடமே வரி கேட்பான் என்பதை அன்று புரிந்துகொண்டார்கள்.

இரண்டாவது சண்டை மொசில்லாவின் வீட்டுக்குள்ளேயே நடந்தது. 2002இல் அவர்களுடைய புதிய உலாவி ஃபீனிக்ஸ் என்ற பெயரோடு பிறந்தது. கணினியின் பயோஸ் தயாரிக்கும் ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் அந்தப் பெயரை ஏற்கெனவே குறியாக வைத்திருந்தது. எனவே 2003 ஏப்ரலில் உலாவிக்கு ஃபயர்பேர்ட் என்று பெயர் மாறியது. அந்தப் பெயரிலும் ஒரு கட்டற்ற தரவுத்தளத் திட்டம் இருந்தது. போர்லாண்ட் நிறுவனம் 2000இல் திறந்துவிட்ட இன்டர்பேஸ் நிரலிலிருந்து தொண்டர்கள் வளர்த்தெடுத்தது அது. பணபலமில்லாத அந்தச் சிறு திட்டத்தார் கொதித்துப்போனார்கள். எங்கள் பெயரை ஒரு பெரிய திட்டம் விழுங்கினால் எங்களைத் தேடி வருபவர்கள் எங்கே போவார்கள் என்ற அவர்களுடைய கேள்வியில் நியாயம் இருந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று உலாவி ஃபயர்பாக்ஸ் ஆனது. இரண்டு பெயர்களை இழந்த மொசில்லா மூன்றாவது பெயரைக் கண்ணும் கருத்துமாகக் காத்ததில் வியப்பில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் ஃபயர்பாக்ஸுக்காக ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் இரண்டு பக்க விளம்பரம் வந்தது. அதற்கான பணத்தைக் கொடுத்தவர்கள் அந்த உலாவியைப் பயன்படுத்திய சாதாரண மக்கள். அந்தப் பெயருக்குள் அவர்கள் நம்பிக்கையும் இருந்தது.

மூன்றாவது சண்டை விநியோகஸ்தர்களைப் பற்றியது. ரெட் ஹாட் தன் லினக்ஸை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்றது, நகலை ‘ரெட் ஹாட்’ என்ற பெயரில் விற்கக் கூடாது என்றது. மலிவு விலைக் குறுந்தகடு விற்ற சீப்பைட்ஸ் என்ற அமெரிக்கக் கடை அதே சரக்கைப் ‘பிங்க் டை’ என்று பெயர் மாற்றி விற்றது. சிவப்புத் தொப்பி இளஞ்சிவப்புக் கழுத்துப்பட்டை ஆனது. 2005 பிப்ரவரியில் சென்ட்ஓஎஸ் திட்டத்துக்கு ரெட் ஹாட்டின் வழக்கறிஞர்களிடமிருந்து கடிதம் வந்தது. ரெட் ஹாட்டின் மூலநிரலை எடுத்துக் கட்டி இலவசமாக வழங்கிய தொண்டர் திட்டம் அது. நிரலை எடுத்ததில் தவறில்லை, எங்கள் பெயரைத் தளத்திலிருந்து நீக்குங்கள் என்றது கடிதம். அதன்பின் சென்ட்ஓஎஸ்காரர்கள் ரெட் ஹாட்டைப் பெயர் சொல்லாமல், ‘வட அமெரிக்காவின் பிரபலமான நிறுவன லினக்ஸ் விற்பனையாளர்’ என்றே குறிப்பிட்டுவந்தார்கள்.

இந்தியாவில் லினக்ஸைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்த ‘பிசி குவெஸ்ட்’ பத்திரிகையும் இந்த வரலாற்றில் சேரும். 1996 மார்ச்சில் தொடங்கி அது இதழோடு லினக்ஸ் குறுந்தகடு கொடுத்தது. பின்னாளில் ரெட் ஹாட், ஃபெடோரா நிரல்களை அடிப்படையாக வைத்து, தன் திருத்தங்களையும் சேர்த்து, ‘பிசிக்யூ லினக்ஸ்’ என்று தன் பெயரிலேயே வெளியிட்டது. இணைய இணைப்பு அரிதாகவும் மெதுவாகவும் இருந்த காலத்தில், நம் ஊர்களில் பலர் முதன்முதலில் தொட்ட லினக்ஸ் அந்தத் தகடுதான். திருத்தினால் உன் பெயரை வை என்ற நாகரிகத்தை நம் வாசகர்கள் அங்கேயே பார்த்துவிட்டார்கள்.

டெபியன் எப்படிப்பட்ட வீடு

இயன் மர்டாக் என்ற மாணவர் டெபியனை அறிவித்த நாள் 1993 ஆகஸ்ட் 16. தன் தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் கோத்து அவர் வைத்த பெயர் அது. புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தத் தேதி மறக்காது. 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் இந்த மண் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. 1954 நவம்பர் 1 அன்றே பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் முடிந்துவிட்டாலும், கையெழுத்து முழுமையடைய எட்டு ஆண்டுகள் ஆயின. நடைமுறையில் ஒன்று, ஏட்டில் இன்னொன்று என்ற நிலை எவ்வளவு காலம் இழுக்கும் என்பது நமக்குத் தெரியும். டெபியனுக்கும் மொசில்லாவுக்கும் நடந்தது அப்படிப்பட்ட ஒரு நீண்ட இழுபறி.

டெபியனுக்கு முதலாளி இல்லை. உலகெங்கும் உள்ள தொண்டர்கள் அதைக் கட்டுகிறார்கள். 1997இல் அவர்கள் ஒரு சமூக ஒப்பந்தத்தையும், எது கட்டற்றது என்பதற்கான நெறிகளையும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த நெறிகளில் இரண்டு நம் கதைக்கு முக்கியம்.

நான்காவது நெறி: திருத்திய மென்பொருளுக்கு வேறு பெயர் வைக்க வேண்டும் என்று நிரலாசிரியர் கேட்கலாம். எட்டாவது நெறி: உரிமை டெபியனுக்கு மட்டும் தனிச்சலுகையாக இருக்கக் கூடாது, டெபியனிடமிருந்து வாங்கித் தன் வழங்கலைக் கட்டும் அடுத்தவருக்கும் அதே உரிமை போய்ச்சேர வேண்டும்.

நெறிகளோடு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். டெபியன் ஒரு நிலையான பதிப்பை வெளியிட்டால், அதில் உள்ள மென்பொருள்களின் பதிப்பு எண்ணை மாற்றுவதில்லை. பாதுகாப்புக் குறை வந்தால், புதிய பதிப்பில் உள்ள திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய பதிப்புக்கு ஏற்றபடி பேட்ச் எழுதிச் சேர்ப்பார்கள். ‘சார்ஜ்’ என்ற டெபியன் 3.1, 2005 ஜூன் 6 அன்று வந்தபோது அதில் இருந்தது ஃபயர்பாக்ஸ் 1.0.4. மொசில்லா அந்த வரிசைக்கான ஆதரவை 2006 ஏப்ரலோடு நிறுத்திக்கொண்டது. சார்ஜை நம்பிய பயனர்களுக்கு டெபியன் 2008 மார்ச் வரை பாதுகாப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க, மொசில்லா கைவிட்ட ஓர் உலாவியை மொசில்லாவின் பெயரிலேயே டெபியன் தைத்துத் தைத்து ஓட்டியாக வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரு நியாயம்

டெபியனில் ஃபயர்பாக்ஸ் பொதியைப் பராமரித்தவர் எரிக் டோர்லாண்ட். அவரும் மார்க்கமும் 2004 முதலே இதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். டெபியனுக்குத் தனி அனுமதி தருகிறோம் என்று மொசில்லா முன்வந்தது. எட்டாவது நெறி குறுக்கே நின்றது. எங்களுக்கு மட்டும் என்றால், எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும் அடுத்த வழங்கல் என்ன செய்யும் என்று டெபியன் கேட்டது.

அடுத்த சிக்கல் சின்னம். பூமிப்பந்தைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் அந்தச் செந்நரிப் படம் கட்டற்ற உரிமத்தில் இல்லை. ஃபயர்பாக்ஸ் நிரலைக் கட்டும்போது ‘அஃபிஷியல் பிராண்டிங்’ என்றொரு விசையை இயக்கினால்தான் பெயரும் சின்னமும் உள்ளே ஏறும். இயக்காமல் கட்டினால் ஃபயர்பாக்ஸ் 1.5 ‘டீர் பார்க்’ என்றும், 2.0 ‘போன் எக்கோ’ என்றும் வெறும் பூகோளப் படத்தோடு வரும். டெபியன் நடுவழி ஒன்றை எடுத்தது. கட்டற்றதல்லாத படத்தை விட்டுவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. கானரின் புகார் இந்த நடுவழியைத்தான் குறிவைத்தது. 2006 செப்டம்பரில் அவர் தெளிவாகவே சொன்னார்: பெயர் வேண்டுமென்றால் படமும் சேர்ந்தே வர வேண்டும், நீங்கள் சேர்க்கும் பேட்ச்களை எங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

மொசில்லாவின் பக்கம் நின்று பார்த்தால் இது அடாவடி இல்லை. ஃபயர்பாக்ஸ் என்ற பெயரைச் சொல்லி ஏமாற்றுபவர்கள் அன்றும் இருந்தார்கள். யாரோ திருத்திய உலாவி ஒன்று பயனரின் கடவுச்சொல்லைக் கசியவிட்டால், அவர் திட்டப்போவது மொசில்லாவைத்தான். நம்பகமானவருக்கு ஒரு விதி, மற்றவருக்கு ஒரு விதி என்று குறியைக் கண்டும் காணாமலும் விட்டால், நாளை உண்மையான மோசடிக்காரன் மேல் வழக்குப் போடும்போது அந்தத் தளர்வே எதிராக நிற்கும் என்ற கவலையும் இருந்தது.

டெபியன் பக்கத்து நியாயமும் சளைத்ததல்ல. ஒரு பாதுகாப்புக் குறை வெளியே தெரிந்ததும் மணிக்கணக்கில் திருத்தம் போக வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் இன்னொரு நாட்டு அலுவலகத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்தால் பயனர் ஆபத்தில் இருப்பார். அதைவிடப் பெரியது கொள்கை. திருத்தும் சுதந்திரத்தை உரிமம் கொடுத்துவிட்டது. அதே திருத்தத்துக்குப் பெயரைக் காட்டி முன்அனுமதி கேட்டால், முன்வாசலில் கொடுத்ததைக் கொல்லைப்புறமாகத் திரும்ப வாங்குவதாகிவிடும்.

இந்த இரண்டு நியாயங்களில் ஒன்றைப் பொய்யாக்கி மற்றதை ஜெயிக்கவைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வழி டெபியனின் நான்காவது நெறியிலேயே எழுதியிருந்தது. பெயரை மாற்றிக்கொள்.

பனிக்கீரி வந்த கதை

2006 அக்டோபரில் டெபியன் பெயரை மாற்றியது. ஃபயர்பாக்ஸ் ‘ஐஸ்வீசல்’ ஆனது. மொசில்லாவின் மற்ற மென்பொருள்களில் தண்டர்பேர்ட் ‘ஐஸ்டவ்’, சீமங்கி ‘ஐஸ்ஏப்’, சன்பேர்ட் ‘ஐஸ்அவுல்’ ஆயின. 2007 ஏப்ரல் 8 அன்று ‘எட்ச்’ என்ற டெபியன் 4.0 வந்தபோது, மொசில்லாவின் உலாவியில் செந்நரி இருக்கும் இடத்தில் நீலப் பூகோளத்தைச் சுற்றிய ஒரு வெள்ளைப் பனிக்கீரி இருந்தது. குனு திட்டமும் தனியாக ஓர் ஐஸ்வீசலைக் கட்டி, குழப்பம் வேண்டாம் என்று 2007இல் அதற்கு ‘ஐஸ்கேட்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அந்த நாட்களில் புதுச்சேரி மூலக்குளத்தில், விழுப்புரம் சாலையோரக் கணினிக் கடை ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தேன். எட்ச் ஏற்றிய கணினியை வாங்கிப்போன பொறியியல் மாணவர் மறுநாளே சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“அண்ணே, ஃபயர்பாக்ஸ் போட்டுத் தரேன்னீங்க. இது என்னமோ வெள்ளையா கீரிப்பிள்ளை மாதிரி இருக்கு. வைரஸா?”

கடைக்காரர் பதற்றப்படவில்லை. மெனுவில் ‘உதவி’யைத் திறந்து பதிப்பு எண்ணைக் காட்டினார். “தம்பி, உள்ள இருக்கிறது அதே சரக்குதான். டெபியன்காரங்க கொஞ்சம் தச்சிருக்காங்க, அதனால அவங்க பேர்ல வருது. பேரை மாத்தாம வந்திருந்தாதான் நீ சந்தேகப்படணும்.”

அவர் சட்டம் படித்தவரில்லை. வணிகக்குறிச் சட்டத்தின் சாரத்தை அதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை. மாணவருக்குத் தொல்லை அதோடு முடியவில்லை. ஓர் உலாவி தளங்களுக்குப் போகும்போது தன் பெயரைச் சொல்லிக்கொண்டே போகும். ஐஸ்வீசல் தன்னை ஐஸ்வீசல் என்று நேர்மையாகச் சொன்னது. பல தளங்கள் தெரியாத பெயரென்று திருப்பி அனுப்பின. பிறகு டெபியன் அந்த அடையாள வரியில் ‘ஃபயர்பாக்ஸ் போன்றது’ என்று ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டியிருந்தது. சண்டையிட்டவை இரண்டு திட்டங்கள், அலைந்தது பயனர். பெயரில் சேர்ந்த நம்பிக்கையின் மதிப்பு இதுதான், பெயரை இழந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும்.

டெபியனிலிருந்து பிறந்த உபுண்டு வேறு வழியில் போனது. அதை நடத்தும் கனோனிகல் நிறுவனம் மொசில்லாவின் நிபந்தனைகளை ஏற்று ஃபயர்பாக்ஸ் பெயரை வைத்துக்கொண்டது. அங்கும் 2008 செப்டம்பரில் உரசல் வந்தது. உபுண்டு 8.10இன் சோதனைப் பதிப்பில் ஃபயர்பாக்ஸைத் திறந்ததும் ஒரு நீண்ட பயனர் ஒப்பந்தம் முகத்தில் வந்து நின்றது. கட்டற்ற மென்பொருளைத் திறக்க ‘சம்மதிக்கிறேன்’ என்று ஏன் அழுத்த வேண்டும் என்று பயனர்கள் எதிர்த்தார்கள். மொசில்லாவின் தலைவர் மிட்செல் பேக்கர் தவறை ஏற்றுக்கொள்ள, அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

பத்து ஆண்டுக்குப் பின் வந்த சமாதானம்

பிணக்கு தீர்ந்தது நீதிமன்றத்தில் அல்ல. வேலை செய்பவர்களின் அன்றாட நடைமுறையில் தீர்ந்தது.

முதல் மாற்றம் 2012 ஜனவரியில் வந்தது. ஆறு வாரத்துக்கு ஒரு புதிய ஃபயர்பாக்ஸ் என்ற ஓட்டத்தைத் தாங்க முடியாத நிறுவனங்களுக்காக, நீண்டகால ஆதரவு கொண்ட தனிப் பதிப்பு ஒன்றை மொசில்லா தொடங்கியது. பழைய பதிப்பை டெபியன் தானே தைத்து ஓட்ட வேண்டிய அவசியம் அதோடு குறைந்தது. மொசில்லா தரும் நீண்டகாலப் பதிப்பையே நிலையான டெபியனிலும் கொடுக்க முடிந்தது. இரண்டாவது, சின்னத்தின் பதிப்புரிமை கட்டற்ற உரிமத்துக்கு வந்தது. மூன்றாவது, மனிதர்கள். ஐஸ்வீசலைப் பல ஆண்டு பராமரித்த மைக் ஹோம்மி மொசில்லாவிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தார். மொசில்லாவின் வெளியீட்டுப் பொறுப்பில் இருந்த சில்வெஸ்தர் லெத்ரு டெபியன் உறுப்பினரும்கூட.

2016 பிப்ரவரியில் லெத்ரு 815006 என்ற எண்ணில் ஒரு வேண்டுகோளைப் பதிந்தார்: ஐஸ்வீசலை மீண்டும் ஃபயர்பாக்ஸ் ஆக்கலாம். டெபியன் செய்யும் திருத்தங்கள் உலாவியின் தரத்தைக் கெடுப்பவை அல்ல என்பதை மொசில்லா ஏற்றுக்கொண்டது. அதே புரிதல் டெபியனிலிருந்து எடுத்துக்கொள்ளும் மற்ற வழங்கல்களுக்கும் பொருந்தும் என்பதால், எட்டாவது நெறிக்கும் காயமில்லை. மார்ச்சில் சோதனைக் கிளைக்கும், ஜூனில் நிலையான பதிப்புக்கும் ஃபயர்பாக்ஸ் திரும்பியது. 2017இல் ஐஸ்டவ் மீண்டும் தண்டர்பேர்ட் ஆனது.

பத்து ஆண்டு இடைவெளியில் ஒரு பயனரும் உலாவி இல்லாமல் நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரைக் கொடுக்க மறுத்தார்கள், நிரல் ஓடிக்கொண்டே இருந்தது. பூட்டிய மென்பொருளில் உரிமையாளர் ‘முடியாது’ என்றால் கதை அங்கேயே முடியும். கட்டற்ற மென்பொருளில் பெயரை விட்டுவிட்டு வேலையைத் தொடரும் வாசல் எப்போதும் திறந்திருக்கிறது. அந்த வாசல் இருப்பதனால்தான் பெயர் வைத்திருப்பவரும் ஓர் அளவுக்கு மேல் இறுக்கிப்பிடிக்க முடியாது.

டெபியனும் ஒரு பெயர்தான்

மற்றவர் பெயர்க்கொள்கையோடு மல்லுக்கட்டிய டெபியனுக்கும் ஒரு வணிகக்குறி உண்டு. 1997இல் தொடங்கப்பட்ட ‘சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட்’ என்ற லாபநோக்கற்ற அமைப்பின் பெயரில் ‘டெபியன்’ பதிவாகியிருக்கிறது. 2012இல் டெபியன் தன் சுழல் சின்னத்தின் பதிப்புரிமையைக் கட்டற்ற உரிமத்துக்கு மாற்றியது, 2013 ஜனவரியில் தன் வணிகக்குறிக் கொள்கையை வெளியிட்டது. மொசில்லாவிடம் பட்ட பாடு அந்தக் கொள்கையின் தாராளத்தில் தெரிகிறது. டெபியனைப் பற்றி உண்மையைச் சொல்லவும், டெபியன் சார்ந்த உங்கள் சேவையை ஏமாற்றில்லாமல் விளம்பரப்படுத்தவும் யாரையும் கேட்க வேண்டாம். டி-சட்டை போட்டு விற்கலாம், விலையில் எவ்வளவு டெபியனுக்குப் போகும் என்பதை வாங்குபவரிடம் உண்மையாகச் சொல்லிவிட வேண்டும். உங்கள் நிறுவனத்தின் பெயரில் அதைச் சேர்த்துக்கொண்டு டெபியனே நீங்கள்தான் என்பதுபோல் காட்டக் கூடாது.

இது தொலைதூர விவகாரம் அல்ல. 2007இல் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சென்னை சி-டாக் வெளியிட்ட ‘பாஸ் லினக்ஸ்’ டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து வந்த இயங்குதளம் அதுதான். டெபியனை எடுத்தார்கள், இந்திய மொழிகளுக்காகத் திருத்தினார்கள், தங்கள் பெயரை வைத்தார்கள். யாரும் யாருக்கும் கடிதம் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் தமிழ்நாடு மினி டெப்கான்ஃப் என்ற டெபியன் மாநாடு நடந்தது. மூலக்குளத்துச் சாலை நேராகப் போய்ச்சேரும் அதே விழுப்புரம். அங்குள்ள குனு/லினக்ஸ் பயனர் குழுவும், புதுச்சேரியின் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும் வளர்த்துவிட்ட இளைஞர்கள் இன்று பொதிகளைக் கட்டுகிறார்கள், தமிழாக்குகிறார்கள், பள்ளிகளுக்கென்று வழங்கல்களைத் தயார் செய்கிறார்கள். அவர்களுக்கு இந்த வரலாறு அன்றாடத் தேவை.

அவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். அடுத்தவர் கட்டியதை அப்படியே கொடுத்தால், பெரும்பாலும் பெயரோடு கொடுக்கலாம். அந்தத் திட்டத்தின் குறிக்கொள்கையை ஒருமுறை படித்துவிட வேண்டும். திருத்திக் கொடுத்தால், உங்கள் பெயரை வைத்துவிட்டு, எதிலிருந்து எடுத்தது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘எங்கள் கடையில் டெபியன் நிறுவித் தரப்படும்’ என்று பலகை வைக்க அஞ்ச வேண்டாம். உரியவரின் சரக்கை நேர்மையாக அடையாளம் காட்டும் பயன்பாட்டுக்கு நம் சட்டத்தின் 30ஆம் பிரிவு இடம் தருகிறது. நீங்களே ஒரு திட்டம் தொடங்கினால் பெயரை முதல் நாளே தேடிப் பாருங்கள். வளர்ந்த பிறகு, அந்தப் பெயரைத் தனி ஒருவர் கையில் விடாமல் ஒரு பொது அமைப்பின் பெயரில் பதியுங்கள்.

கடைசியாகச் சொன்னதற்கு அழுத்தமான காரணம் உண்டு. மொசில்லாவும் டெபியனும் மோதியபோது இரண்டுமே மக்களுக்காக நடக்கும் திட்டங்கள். அதனால் பத்து ஆண்டானாலும் பேச்சு முறியவில்லை. ஒரு கட்டற்ற திட்டத்தின் பெயர் லாபத்துக்காக இயங்கும் நிறுவனத்திடம் இருந்து, அந்த நிறுவனமே கைமாறினால் என்ன ஆகும்? 2010இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரக்கிள் வாங்கியதும் ஓப்பன் ஆஃபீஸ், ஹட்சன் ஆகிய திட்டங்களின் தொண்டர்கள் அந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தார்கள். ஹட்சன்காரர்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெயரை விட்டுவிட்டு ‘ஜென்கின்ஸ்’ ஆவோம் என்று 214 பேரும், வேண்டாம் என்று 14 பேரும் வாக்களித்தார்கள். வீட்டோடு வெளியேறி, பெயரை மட்டும் விட்டுவந்த அந்தத் தொண்டர்களின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)